மூன்றில் பாதி

1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு என் பொறாமை தொடங்கியது. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்து மணிக்கு நின்றுபோன மின்சாரம் அப்போதுதான் திரும்பி வந்தது. மேசைமேல் இருந்த கணினி உறுமி எழுந்தது. அதன் கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் ஓர் ‘அ’ தோன்றியது. அதுவரை அந்தத் திரையில் நான் ஆங்கிலத்தை மட்டுமே கண்டிருந்தேன்.

அந்த எழுத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றி உள்ளே ஏற்றியவள் ரோஸ்லின். அதன் வளைவு சற்றே கோணலாக இருந்தது. தமிழிலக்கியம் படித்தவள் என்பதால் அதை முதலில் கவனித்தவள் நான்தான், சொல்லவில்லை. எங்கள் பொறுப்பாளர் தங்கவேல் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அட அம்மிணி! தமிழ் பேச வச்சுப்போட்டயே!”

பிறகு என் பக்கம் திரும்பி, காலையில் நான் கொடுத்திருந்த அட்டையை நீட்டினார். அதன் வலது மேல்முனை மடிக்கப்பட்டிருந்தது.

“நீங்க இதை இன்னொருக்காப் பார்த்துருங்க.”

அவளுக்கு, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல், அம்மிணி; எனக்கு நீங்க. அன்று பத்தேகால் மணிக்கு என்னுள் இறங்கியது அந்த ஒரு வித்தியாசம்தான்.

பாடநூல் எழுதுவதிலும் ஆசிரியர் பயிற்சியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டு நான் ஓய்வு பெற்றபோது, உடன் பணியாற்றிய இளம் ஆசிரியைகள் ஒரு புதிய செயலியைக் காட்டினார்கள். மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அதுவே கண்டுபிடித்து, அவருக்கேற்ற பாடத்தைக் கொடுத்து, ஆசிரியருக்கும் அறிக்கை அனுப்பிவிடுமாம். “உங்க காலத்துல இதெல்லாம் நினைச்சே பார்த்திருக்க மாட்டீங்க, இல்லீங்களா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். நினைத்துப் பார்த்தோம் என்றேன். செய்தும் பார்த்தோம். அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். வெற்றிக் கதையை எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் கணினியோடு கழித்த இரண்டாண்டுகளில் எனக்குத் துல்லியமாக நினைவிருப்பது அதுவன்று.

முதுகலைத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடையில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் ஏற்றுமதியாளர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளையின் பள்ளி அது. பனியன் கம்பெனி வேலைக்காகப் பாதியில் படிப்பை விட்ட பெண்களை மீண்டும் படிக்கவைத்து, எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதச் செய்வது அதன் நோக்கம். கீழே வகுப்புகள். மாடியில், முன்பு நூல் கிடங்காக இருந்த அறைக்குக் குளிர்சாதனம் பொருத்தி மூன்று கணினிகளை வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் பகல் முழுதும் ஓடும். அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு கணினிக்குள் போய்விடக் கூடாதென்று, அறைக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை. வாசலில் ஈரச் சாக்கில் காலைத் துடைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

தங்கவேல் சார் தொழிற்கல்லூரியில் பல்லாண்டுகள் கற்பித்தவர். என்னை அவர் கேட்ட முதல் கேள்வி, “பத்தாவதுல கணக்குல எத்தனை மார்க்குங்க?” என்பது.

“நாற்பத்தொன்று சார்.”

“நல்லதாப் போச்சு. கணக்கு நல்லா வர்றவங்களுக்குத் தப்பு எந்த வழியா வருதுன்னு தெரியாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் அவர் ஒரு புதுவகைக் கணினித் திட்டத்தைப் பற்றிப் படித்திருந்தார். ஒரு துறையில் தேர்ந்தவர் எப்படி யோசிப்பாரோ அதை விதிகளாக எழுதிக் கணினிக்குள் வைத்துவிட்டால், அவர் இல்லாத இடத்தில் அது அவரைப்போல் முடிவெடுக்கும். செயற்கை அறிவு என்று அதற்குப் பெயர். ஓர் ஆசிரியை ஒரே நேரத்தில் நாற்பது பெண்களின் பக்கத்தில் உட்கார முடியாது. கணினியை உட்கார வைக்கலாம் என்பது அவர் எண்ணம். “யோசிக்கிறது நீங்கதானுங்க. மிஷின் மறக்காம வச்சிருக்கும், அவ்வளவுதான்” என்பார்.

யோசிக்கும் முறையை அவர் வகுத்துத் தந்திருந்தார். முதலில் ஒரு கணக்கு. அதற்கு மாணவி தரக்கூடிய தவறான விடை. அந்த விடைக்குப் பின்னால் இருக்கக்கூடிய எண்ணம். அந்த எண்ணம்தானா என்று சோதிக்க இன்னொரு கணக்கு. உறுதியானால் அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியம். ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டைக் கழித்து ஒருத்தி இருபத்தாறு என்று எழுதினால், அவள் சும்மா எழுதவில்லை. ஒவ்வோரிடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். அவளுக்கு ‘தவறு’ என்று சொல்வதில் பயனில்லை. இவை அனைத்தையும் நான் அட்டைகளில் எழுத வேண்டும். மடித்த பனியனுக்குள் விறைப்பாக நிற்க வைப்பார்களே, அந்த அட்டை. பேக்கிங்கில் மிஞ்சியவற்றைக் கட்டுக்கட்டாக அனுப்பியிருந்தார்கள்.

அட்டையில் அவருக்கு ஐயம் தோன்றினால் எதுவும் எழுத மாட்டார். கட்டைவிரல் நகத்தால் வலது முனையை மடித்து, அழுத்தி, திருப்பிக் கொடுப்பார். தடித்த அட்டை என்பதால் மடித்த இடம் வெளுத்துக் கோடாக நிற்கும். எது பிழை என்று கேட்டால், “உங்களுக்கே தெரியுமுங்க” என்பார். தெரியாது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். சரியான அட்டைக்கு ஒரு சொல்லும் கிடைக்காது. முனை மடியாமல் ரோஸ்லினின் மேசைக்குப் போய்விடும். அவரைப்போல் ஒருவரை அதன்பின் நான் சந்திக்கவில்லை. என் கீழ் எழுதப் பழகியவர்களின் தாள் முனைகளையும் பல ஆண்டுகள் நான் அப்படியே மடித்திருக்கிறேன். அவர்கள் என்னை விரும்பியதாகச் சொல்ல முடியாது.

ரோஸ்லின் பொங்கலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கோயம்புத்தூரில் கணினிப் பட்டயம் படித்தவள். என்னைவிட ஒரு வயது இளையவள். என் விதிகளைக் கணினி மொழியில் எழுதுவது அவள் வேலை. உரக்கச் சிரிப்பாள். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பெண்ணை இந்தக் கோடியிலிருந்து “ஏ கண்ணு!” என்று கூப்பிடுவாள். அவளுடைய பிழைகளைத் திரையே அவளுக்கு மட்டும் காட்டிவிடும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திவிடுவாள். என் பிழைகளோ முனை மடிந்து, எல்லோரும் பார்க்க என் மேசைமேல் கிடக்கும். இதில் எந்த நியாயமும் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

இவற்றைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. செப்டம்பரில் பெண்களை மாடிக்கு அழைத்துவந்து கணினி முன் உட்கார வைத்தோம். திரையில் வந்த ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது. பலமுறை அடித்து எழுதியது. ஒருத்தி தவறான விடையை அழுத்தியதும், “பயப்படாதே. இந்த இடத்தில் எல்லோரும் ஒருமுறை வழுக்கியிருக்கிறோம்” என்று திரை சொன்னது. அவள் படித்துவிட்டு ரோஸ்லின் பக்கம் திரும்பினாள்.

“ரோஸக்கா, எவ்வளவு பதமாச் சொல்றீங்க! எங்க பழைய டீச்சர் இப்படிச் சொல்லியிருந்தா நான் எதுக்குங்க ஸ்கூல உட்டு நிக்கறேன்!”

“நான் சொல்லலீடி, வள்ளியக்கா எழுதுனது” என்று ரோஸ்லின் என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை. நானும் அவளை நம்பவைக்கும்படி எதுவும் பேசவில்லை. பேசத் தெரிந்திருந்தால் நான் எழுதப் போயிருக்க மாட்டேன். அன்றிலிருந்து கணினிக்கு ‘ரோஸக்கா பொட்டி’ என்று பெயர். நான் கேட்டால் தரையைப் பார்த்தவர்கள், அதே கேள்வியைப் பெட்டி கேட்டபோது முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். என் சொற்களே என்னைவிட விரும்பப்பட்டதைப் பார்த்துக்கொண்டு அவற்றின் பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

பெண்களில் ஒருத்தி பூங்கொடி. பதினைந்து வயது. மூன்றாண்டுகள் ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். தைத்த பனியன்களில் ஓட்டையும் அழுக்கும் பார்த்து, நூல் வெட்டி, எண்ணிக் கட்டிவைக்கும் வேலை. அவள் அம்மா ஓராண்டு மட்டும் விடுப்புக் கொடுத்திருந்தார். “இந்த வருஷம் பரிச்சைக்குப் போனா மேல படிக்கட்டுமுங்க. இல்லீன்னா டேபிளுக்கே போகட்டும். பெரியவளும் எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தியாச் சம்பாதிப்பா?” என்று சார் முன்னிலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்ன சொல் மாறுகிறவராகத் தெரியவில்லை.

பூங்கொடி தமிழில் கெட்டிக்காரி. கழித்தலும் வகுத்தலும் நன்றாக வந்தன. தசம எண்களில்தான் நின்றுவிட்டாள். 3.5ஐயும் 2.6ஐயும் கூட்டச் சொன்னால் 5.11 என்று அழுத்துவாள். புள்ளிக்குப் பின் பதினொன்று வந்தால், பத்தானதும் முன்னிடத்துக்கு ஒன்றை ஏற்றத் தெரியவில்லை என்பது விதி. அந்த விதியின் அட்டையை எழுதியது நான்; முனை மடியாமல் போன அட்டை. கணினி அவளை இடமதிப்புப் பாடத்துக்கு அனுப்பும். அங்கே அவள் ஒரு பிழைகூட இல்லாமல் முடித்துவிட்டுத் திரும்பி வருவாள். வந்ததும் மறுபடி 5.11. சில கணக்குகள் சரியாகவும் இருந்தன, 1.2உம் 2.3உம் சேர்ந்தால் 3.5 என்று போட்டாள். வேறு சில விடைகள் எந்த விதிக்கும் அகப்படவில்லை. அவற்றைக் கணினி ‘கவனக்குறைவு’ என்று குறித்துக்கொண்டது. அந்தச் சொல்லும் நான் தந்ததே.

வாரந்தோறும் ஒவ்வொருத்திக்கும் ஒரு தாள் கர்ரென்று அச்சாகி வகுப்பாசிரியை கமலம் டீச்சரிடம் போகும். முதலில் இந்தக் கணினியையே வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர். ஆறு மாதத்தில், தாள் வராமல் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார் என்ற நிலைக்கு வந்திருந்தார். பூங்கொடியின் தாளில், ‘தசம எண்களுக்கு இன்னும் ஆயத்தமில்லை; அடிப்படை வலுப்பெறவில்லை’ என்று வந்தது. நான் என்றோ ஓர் அட்டையில் எழுதிய வரி. அச்சாகி வந்ததால், அது ஒரு மனுஷியின் ஊகம் என்பது டீச்சருக்கு மட்டுமல்ல, எனக்கும் மறந்துபோயிற்று.

தேர்வுக்குப் போகிறவர்களின் பெயர்களைச் சனிக்கிழமை அனுப்பிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் கமலம் டீச்சர் மாடிக்கு வந்தார்.

“பூங்கொடிய இந்த வருஷம் நிறுத்திக்கறனுங்க சார். மிஷினே ஆகாதுன்னு சொல்லுது.”

“அவங்க அம்மா சொன்னது தெரியுமில்லீங்களா?” என்றார் சார்.

“தெரியுமுங்க. நான் என்ன பண்ணட்டும்? அனுப்பி, கணக்குல போச்சுன்னா அப்பவும் டேபிளுக்குத்தான் போவா. இப்ப நிறுத்துனா, பெயிலான பேராவது இல்லாமப் போவா.”

டீச்சர் போனபின் சார் எங்கள் இருவரையும் பார்த்து, “சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குதுங்க” என்றார்.

பூங்கொடியை அழைத்து உட்கார வைத்தோம். ரோஸ்லின் அவள் பக்கத்தில் முக்காலியில். நான் பின்னால், அட்டைகளோடு, வழக்கமான இடத்தில். திரையில் 3.5உம் 2.6உம் வந்தன. 5.11 என்று அழுத்தினாள்.

“மறுக்காவும் பதினொண்ணா! ஏனுங்க மகாராணி, மூணாங்கிளாசுக்கே போலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“நான் என்னங்க்கா பண்றது? வர்றதுதானே வரும்.”

“என்ற அப்பன் வளக்கற எருமைகூட இந்நேரத்துக்குக் கத்துக்கிட்டிருக்கும்.”

“அப்ப அதையே பரிச்சைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிச் சிரித்த பூங்கொடி, சிரிப்பு முடியுமுன்பே அழத் தொடங்கி, ரோஸ்லினின் தோளில் சாய்ந்துகொண்டாள். ரோஸ்லின் அவள் தலையைத் தடவினாள். “அழுவாத கண்ணு. இன்னொண்ணு போடு.”

அந்தத் தோளை என்னால் பார்க்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அதனால்தான் பூங்கொடியின் இடக்கை என் கண்ணில் பட்டது.

அந்தக் கை மேசைக்குக் கீழே அவள் மடியில் இருந்தது. திரையில் 1.8உம் 2.7உம் வந்திருந்தன. அழுதுகொண்டே கணக்குப் போட்டாள். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்கள்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது; விரலுக்கு மூன்று கணு. சுண்டுவிரலின் கடைசிக் கணுவைத் தொட்டதும் கையை மூடி முழங்காலில் ஒருமுறை மெல்லத் தட்டினாள். திறந்து, மறுபடி முதல் கணுவிலிருந்து மூன்று தொட்டாள். வலக்கை 4.3 என்று அழுத்தியது. திரை ‘கவனக்குறைவு’ என்றது.

என் அம்மாவும் செக்கிங்கில் இருந்தவர். கையை மூடித் தட்டினால் ஒரு டஜன்.

நெசவுத் தறியிலிருந்து பனியனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பழனிக்குப் பாதயாத்திரை போகும்போதுகூட என் அப்பா உடன் வருகிறவர்களை ‘ரெண்டு டஜன் மூணு பேர்’ என்றுதான் எண்ணுவார். கம்பெனிகளில் ஐந்து டஜனும் பதினொரு பீஸும் என்றால் 5.11 என்று எழுதுவார்கள். புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு வந்தால்தான் முன்னால் ஒன்று ஏறும். பூங்கொடிக்கு ஏற்றத் தெரியாமல் இல்லை. அவள் பன்னிரண்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் போட்ட ஒவ்வொரு கணக்கும் சரி. என் வீட்டிலேயே நான் தினமும் கண்ட கணக்கு. பள்ளிக்கு வரும்போது செருப்பைப்போல் அதையும் வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கணத்தில் எனக்கு முதலில் தோன்றியது பூங்கொடியைப் பற்றியதன்று. ரோஸ்லினுக்கு இது தெரியாது என்பதே. பொங்கலூரில் மூட்டையும் படியும் உண்டு; இந்தப் புள்ளி கிடையாது. சாரின் அறை அடுத்த கதவு. நான் மட்டும் எழுந்து போய்ச் சொல்லலாம். எழுந்தும்விட்டேன். ஆனால் அது என் ஊகம் மட்டும்தான். சோதிக்காத ஊகத்தோடு போனால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கையில் அட்டை இல்லாவிட்டாலும் என் முனையை மடித்திருப்பார். அந்த ஊகத்தைச் சோதிக்க ஓர் இடம்தான் இருந்தது. அது ரோஸ்லினின் தோளில் சாய்ந்திருந்தது.

“பூங்கொடி,” என்றேன். “ஒண்ணு புள்ளி ஆறுன்னா எவ்வளவு?”

நான் பேசியதில் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “பதினெட்டு பீஸுங்க மிஸ்.”

ரோஸ்லின் அக்கா, நான் மிஸ்.

“எதுக்குடி பதினெட்டு?” என்றாள் ரோஸ்லின்.

“ஒரு டஜன். அப்புறம் ஆறு. கம்பெனில அப்படித்தானுங்க்கா போடுவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

ரோஸ்லின், “அக்கோவ்!” என்று கத்திக்கொண்டு எழுந்தாள். பூங்கொடியின் கன்னத்தைக் கிள்ளினாள். வெறுங்காலோடு அடுத்த அறைக்கு ஓடினாள். “சார்! சார்! கண்டுபிடிச்சுப்போட்டமுங்க!”

போட்டமுங்க. அந்தப் பன்மையில் எனக்கும் இடம் இருந்தது என்று இன்று தெரிகிறது. அன்று அது திருட்டுபோல் இருந்தது.

சார் வந்தார். ரோஸ்லின் மூச்சுவாங்கச் சொன்னதை முழுதும் கேட்டார். பழைய அட்டையை எடுத்துவரச் சொன்னார். “இது யார் எழுதுனதுங்க?”

“நான்தான் சார்.”

மடியாத அந்த முனையை விரலால் தடவினார். “இதை மடிக்காம உட்டது நானுங்க. தப்பு என்றதுதான்.”

என் பிழைகூட எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

புதிய விதியை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பெண்கள் 5.11 என்று எழுதலாம். ஒருத்திக்கு ஏற்றத் தெரியாது, இன்னொருத்தி டஜனில் எண்ணுகிறாள். இருவரையும் பிரித்தறிய ஒரு கேள்வி வேண்டும். நீளமாக நான்கு கேள்விகள் எழுதிப் பார்த்து அடித்தேன். கடைசியில் கிடைத்தது மிகச் சிறியது: மூன்றில் பாதி எவ்வளவு? 1.5 என்றால் முதலாமவள். 1.6 என்றால் இரண்டாமவள். பிறகு அவளிடம் சொல்ல வேண்டிய வாக்கியம். முதலில், ‘டஜனில் எண்ணுவது தவறு’ என்று எழுதினேன். என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு எழுதினேன்: ‘நீ டஜனில் எண்ணுகிறாய். கம்பெனியில் அது சரி. இங்கே பத்தில் எண்ணுவோம், வா.’

சார் அந்த அட்டையை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். கட்டைவிரல் முனையருகே போயிற்று. மடிக்கவில்லை. “அம்மிணி, இதை ஏத்து” என்று ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ரோஸ்லின் வேகமாகத் தட்டச்சினாள். கொஞ்ச நேரத்தில், “வள்ளியக்கா, கடைசி வரி நீளுது. அந்த ‘வா’வ எடுத்துடட்டுங்களா?” என்றாள்.

“வேண்டாம்.”

“ஒரே எழுத்துத்தானுங்க்கா. அர்த்தம் மாறாது.”

“மாறும்.”

அதுவரை அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பிறகு, கோணலாக இருந்த ‘அ’ உட்பட எல்லா எழுத்துகளையும் ஒரு கட்டம் ஒடுக்கி வரைந்து, அந்த ஒரு ‘வா’வுக்கு இடம் செய்தாள். சாயங்காலம் முழுதும் அதற்கே சரியாகப் போயிற்று. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதற்காகவும் அவள்மேல் எனக்குப் பொறாமை ஏற்பட்டது. நானாக இருந்தால் முணுமுணுத்திருப்பேன்.

சனிக்கிழமை காலையில் தசமத்தில் நின்றுபோன பெண்கள் எல்லோரையும் மறுபடி உட்கார வைத்தோம். மூன்றில் பாதி என்று கணினி கேட்டது. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருந்துவந்த பெண்களில் பலர், ஒருவர் விடையை ஒருவர் பாராமலே, 1.6 என்று அழுத்தினார்கள். பூங்கொடி திரையில் வந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தாள். “ஓ, இங்க பத்தா? இதை முன்னாலயே சொல்லியிருந்தா நான் எதுக்கு அழுவறேன்?” என்று பெட்டியிடமே கேட்டாள். அடுத்து வந்த கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாகப் போட்டாள். அவள் தாள் அச்சாகி வந்ததும் கமலம் டீச்சர் அதை இருமுறை படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். பெயர் சேர்ந்தது.

“மிஷினுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது, ரோஸ்லினு” என்றார் டீச்சர்.

மதியம் அறக்கட்டளைக்காரர்கள் இருவர் வந்தார்கள். சார் அவர்களிடம், “எங்க அம்மிணி ஒரே நாள்ல எழுத்தையெல்லாம் மாத்தி ஏத்திப்போட்டாளுங்க” என்றார். அது பொய்யில்லை. யோசித்தவர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர்கள் கேட்காததும் அவர் சொல்லாததும் எனக்கு மதிய உணவை மறக்கச் செய்தன.

சாயங்காலம் பூங்கொடி கனகாம்பரம் வாங்கி வந்தாள். ஒரு துண்டைக் கணினித் திரையின் மேல் வைத்தாள். மீதியை ரோஸ்லினின் சடையில் சொருகினாள். திரும்பி என்னைக் கண்டு தயங்கினாள்.

“பூவு தீந்துபோச்சுங்க மிஸ்.”

“பரவாயில்லை” என்றேன். வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் எங்களுக்கு முழுநாள் வகுப்பு. மற்றவர்கள் வருவதற்கு முன்பே போனேன். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, வாடிய பூ மேலே இருக்க, கணினியை உயிர்ப்பித்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். பெண்கள் உட்காரும் அந்த முக்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. பெயர் கேட்டது; வள்ளிநாயகி என்று அழுத்தினேன். 3.5உம் 2.6உம் வந்தன. 5.11 என்று போட்டேன். மூன்றில் பாதி என்றது. 1.6. ஒடுங்கிய பச்சை எழுத்துகளில் என் வாக்கியம் எனக்கே வந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மெல்ல வாய்விட்டுப் படித்தேன்.

“மிஸ்! உங்களுக்குமா வரலீங்க?”

பூங்கொடி. எப்போது வந்தாளோ தெரியாது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் வியப்பும், அதற்குப் பின்னால் அடக்க முடியாத ஒரு மகிழ்ச்சியும் இருந்தன.

“என்ற ஊட்டுலயும் டஜன்தான்” என்றேன். அந்த அறைக்குள் நான் வீட்டுப் பேச்சில் பேசிய முதல் வாக்கியம் அது.

“அட, அதானுங்க! இந்தப் பொட்டிக்குப் பத்துதான் தெரியுமாமுங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. கையக் குடுங்கக்கா.”

இன்னொரு முக்காலியை இழுத்துப்போட்டு நெருங்கி உட்கார்ந்தாள். என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலின் கடைசி இரண்டு கணுக்களை மடக்கிப் பிடித்தாள். “இந்த ரெண்டும் இல்லைன்னு வச்சுக்கோங்க. மீதி பத்து. இப்ப எண்ணுங்க. வாங்க.” அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. விடை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

திரையின் கண்ணாடியில், பச்சை எழுத்துகளுக்குப் பின்னால், வாசலில் ரோஸ்லின் வந்து நிற்பது தெரிந்தது. ஈரச் சாக்கின்மேல் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

பூங்கொடியின் விரல்களுக்குள் என் கையை வைத்துக்கொண்டே, அடுத்த கணக்கையும் தவறாகவே போட்டேன்.